பழைய தொப்பி

டப்ளினில் மழை நம்மூர் மழை மாதிரி வந்து பெய்துவிட்டுப் போவதில்லை. ரேஷன் கார்டு வாங்கிக்கொண்டு அங்கேயே குடியிருக்கிறது.

மகள் அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பேரன் பிறந்ததும், எல்லா அப்பா அம்மாக்களையும் போல நாங்களும் வரவழைக்கப்பட்டோம். கௌரவமாகச் சொன்னால் விருந்தாளிகள். உண்மையைச் சொன்னால் மூன்று மாத விசாவில் வந்த ஆயாக்கள். குழந்தையை மனைவி பார்த்துக்கொண்டாள். எனக்கு ஒதுக்கப்பட்டது குப்பைத் தொட்டியை வாசலில் வைப்பது, திரும்ப எடுத்து வருவது. மற்ற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். வயது எழுபத்தெட்டு. மனைவி போய்விட்டார், பையன் ஆஸ்திரேலியாவில். வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். தினமும் மழையைப் பற்றி இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொள்வோம். ஒரு நாள் மகள் சொன்னாள், "அப்பா, அந்த அங்கிள் வீட்டைக் காலி பண்றார். முதியோர் இல்லத்துக்குப் போறாராம். நீங்க சும்மாதானே இருக்கீங்க, போய் ஹெல்ப் பண்ணுங்களேன்."

சும்மா இருப்பவனுக்கு இந்த ஊரில் மரியாதை இல்லை. போனேன்.

ஐம்பது வருஷக் குடித்தனத்தை நாலைந்து அட்டைப்பெட்டிகளில் அடைப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கையில் எடுப்பார், ஒரு நிமிஷம் பார்ப்பார், 'இது வேண்டாம்' பக்கம் வைப்பார். கல்யாணப் பீங்கான் தட்டுகள்கூட அந்தப் பக்கம்தான் போயின. பரண் மாதிரி ஒரு அலமாரியில் கையை விட்டு ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டின்னை நான் எடுத்தபோது மட்டும், "அதை இப்படிக் குடு" என்றார், கொஞ்சம் அவசரமாக.

உள்ளே ஒரு தொப்பி.

காக்கிக் கம்பளித் துணி. ஆறிப்போன ஆப்பத்தைத் தலையில் கவிழ்த்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு தொளதொளப்பு. சினிமாவில் மிலிட்டரி ஹீரோக்கள் போடும் பெரே தொப்பிக்குக் கொஞ்சம் வசதி குறைந்த சொந்தக்காரன் மாதிரி இருந்தது. முன்னால் ஒரு உலோக முத்திரை. யாழ், யாழுக்கு மேல் ஒரு கிரீடம். அதன் பின்னால் நீல நிறத்தில் இறகுக் குஞ்சம், பாதி பூச்சி அரித்தது.

எனக்கு வழுக்கை. தொப்பியைக் கண்டால் கை சும்மா இருக்காது. "போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டேன். தலையசைத்தார். போட்டு, சினிமாவில் பார்த்தபடி வலது காதுப் பக்கம் ஸ்டைலாகச் சாய்த்துக்கொண்டேன்.

அவர் எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லாமல் என் தலையில் கை வைத்து, தொப்பியைத் திருப்பி, முத்திரையை வலது கண்ணுக்கு மேல் கொண்டு வந்து, துணியை இடது பக்கம் இழுத்துவிட்டார்.

"நீ போட்டது இங்கிலீஷ்காரன் பக்கம். எங்க ஆளுங்க இப்படித்தான் போடுவாங்க" என்றார்.

அந்தத் தொப்பிக்குப் பெயர் காபீன். ஐரிஷ் மொழியில் 'காபா' என்றால் தோளில் போர்த்தும் மேலங்கி. அதன் குட்டிதான் காபீன். காலப்போக்கில் கிராமத்து ஜனங்கள் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் நைந்த, உருக்குலைந்த பழைய தொப்பிக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. நம்மூரில் தலைத்துண்டு மாதிரி. கோவணத்துக்கு அடுத்தபடியாக ஏழையின் அடையாளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் பத்திரிகைகள் ஐரிஷ்காரனைக் கேலிப்படமாக வரைந்தால் குரங்கு மூஞ்சியும் நசுங்கிய தொப்பியும் நிச்சயம். நம்மைப் பற்றி அவர்கள் வரைந்ததும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அந்தக் கிழிசல் எப்படி ராணுவத்துக்குள் போனது என்பதுதான் வேடிக்கை. அவன் ரூட்டையே மாற்றிவிட்டான் ஐரிஷ்காரன். இது ஏழையின் தொப்பி இல்லை, எங்கள் தளபதியின் தொப்பி என்று சொன்னான். பதினேழாம் நூற்றாண்டில் ஓவன் ரோ ஓநீல் என்று ஒரு தளபதி. பல ஆண்டுகள் ஸ்பெயின் ராஜாவின் படையில் இருந்துவிட்டு 1642-ல் ஊர் திரும்பி, ஐரிஷ் கத்தோலிக்கர்களின் படையை நடத்தியவர். 1646-ல் பென்பர்ப் என்ற இடத்தில் பெரிய வெற்றி. அவர் போட்டிருந்த தொப்பியின் மாதிரிதான் இது என்பது இன்றுவரை சொல்லிவரும் பரம்பரைக் கதை. படம் பார்த்துத் தைத்தார்களா, கதை கேட்டுத் தைத்தார்களா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. நம்மிடமும் கட்டபொம்மன் மீசை இருக்கிறதே.

பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் படைப்பிரிவுகளில் முதலில் இதைப் போட்டவர்கள் பேக்பைப் வாசிக்கிறவர்கள். தலையில் காபீன், இடுப்பில் மடிப்பு மடிப்பாகக் காவி நிறப் பாவாடை. ஆமாம், காவிதான். குங்குமப்பூ நிறம் என்பார்கள். முதல் முறை படத்தில் பார்த்தபோது ஏதோ மடத்தின் பேண்டு வாத்தியக் கோஷ்டி என்று நினைத்தேன். துப்பாக்கி பிடிக்கிற சாதாரண சிப்பாய் தலையில் அது ஏறியது இரண்டாம் உலகப் போரில், இத்தாலியில்.

காரணம் ரொம்பப் பெரிய வீர காரணம் ஒன்றும் இல்லை. 1943-ல் பிரிட்டிஷ் ராணுவம் எல்லாருக்கும் ஒரு புதுத் தொப்பி கொடுத்தது. ஜெனரல் சர்வீஸ் கேப் என்று பெயர். பெரே தொப்பியும் இல்லாமல் ஸ்காட்லாந்துத் தொப்பியும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே கமிட்டி போட்டுத் தைத்த மாதிரி. போட்டவன் எல்லாம் திட்டினான். ஸ்காட்லாந்துக்காரனுக்கு அவன் தொப்பி இருக்கிறது, சீக்கியருக்கு டர்பன் இருக்கிறது, நமக்கு மட்டும் என்ன இந்தக் கண்றாவி என்ற கடுப்பு ஐரிஷ் ஆட்களுக்கு. இத்தாலியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த 38-வது ஐரிஷ் பிரிகேடில் மூன்று பட்டாலியன்கள். இன்னிஸ்கில்லிங் ஃப்யூசிலியர்ஸ், ராயல் ஐரிஷ் ஃப்யூசிலியர்ஸ், லண்டன் ஐரிஷ் ரைஃபிள்ஸ். அவர்கள் தலையில் காபீன் வந்துவிட்டது. எவன் எந்தப் பட்டாலியன் என்று குஞ்சத்தைப் பார்த்தே சொல்லலாம். இன்னிஸ்கில்லிங் என்றால் சாம்பல், ஐரிஷ் ஃப்யூசிலியர் என்றால் பச்சை, லண்டன் ஐரிஷ் என்றால் நீலம்.

"இது எங்கப்பாவோடது. அங்க ஒரு டெய்லர் பழைய கம்பளித் துணியில தச்சதுன்னு அப்பா சொல்வார்" என்றார் பெரியவர். தையலைத் திருப்பிக் காட்டினார். உள் விளிம்பில் நூல் ஒரு இடத்தில் கறுப்பு, ஒரு இடத்தில் பழுப்பு. கிடைத்த நூல்.

இதைப் போட்டுக்கொண்டு யாரும் குண்டுக்கு எதிரே ஓடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சண்டைக்கு இரும்புத் தொப்பிதான். காபீன், சண்டையிலிருந்து திரும்பி வந்தவன் போட்டுக்கொள்வது. முகம் கழுவி, டீ குடித்து, யார் யார் வரவில்லை என்று எண்ணி முடித்த பிறகு.

1944 பிப்ரவரி 15-ம் தேதி மோண்டே கசினோ மலை மேலிருந்த மடாலயத்தை விமானங்கள் குண்டு போட்டு இடித்தன. இடிபாட்டுக்குள் ஜெர்மன்காரன் வசதியாகப் பதுங்கிக்கொண்டான். மே மாதம் 11-ம் தேதி ராத்திரி கடைசித் தாக்குதல் தொடங்கியது. பிரிட்டிஷ், இந்தியப் படைகள் கீழே ஆற்றைக் கடந்து பாலம் போட, அந்த வழியாகப் பின்னாலேயே ஐரிஷ் பிரிகேடு போய்ப் பள்ளத்தாக்கில் சண்டை போட்டது. 18-ம் தேதி மடாலயத்தின் மேல் போலந்துக் கொடி ஏறியது. ஜூன் 4-ம் தேதி ரோம் விழுந்தது. அடுத்த வாரம் ஐரிஷ் பிரிகேடின் கத்தோலிக்கச் சிப்பாய்கள் வாத்திகனுக்குப் போய்ப் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸைப் பார்த்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ் வாசலில் காவிப் பாவாடைக் கோஷ்டி பேக்பைப் வாசித்தது.

"எங்கப்பாவும் போனார். இந்தத் தொப்பியைக் கையில புடிச்சுக்கிட்டு முட்டி போட்டிருந்தாராம்" என்றார்.

சரி, போப்பாண்டவரையே பார்த்த தொப்பி ஏன் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது?

இங்கேதான் எனக்கு விஷயம் புரிபட நேரமாயிற்று. நம் மனசில் அயர்லாந்தும் இங்கிலாந்தும் ஒன்று. 1922-லேயே தெற்கு அயர்லாந்து தனி ஆட்சியாகப் பிரிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அவர்கள் நடுநிலை. போர் என்றுகூட அதைச் சொல்லவில்லை. அரசாங்க பாஷையில் அதற்குப் பெயர் 'எமர்ஜென்சி'. எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்கு எமர்ஜென்சி என்றால் வேறு.

நடுநிலை நாட்டிலிருந்து பல்லாயிரம் பேர் பிரிட்டிஷ் ராணுவத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஹிட்லரைப் பிடிக்காமல் போனவர்கள் உண்டு. ஊர் பார்க்கப் போனவர்கள் உண்டு. முக்கால்வாசிப் பேருக்கு வயிறுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன், பெரியவரும் மறுக்கவில்லை. லீவில் ஊருக்கு வரும்போது பிரிட்டிஷ் யூனிஃபார்ம் போடக்கூடாது. கப்பல் ஏறும் ஹோலிஹெட் துறைமுகத்தில் சாதாரண பேன்ட் சட்டை வைத்திருப்பார்கள். மாற்றிக்கொண்டு, தொப்பியை அங்கேயே விட்டுவிட்டு, ஏதோ தோட்ட வேலைக்குப் போய்த் திரும்புகிறவன் மாதிரி வீட்டுக்கு வர வேண்டும்.

பெரியவரின் அப்பா விஷயம் இன்னும் சிக்கல். அவர் முதலில் அயர்லாந்தின் சொந்த ராணுவத்தில் சிப்பாய். சம்பளம் கைக்கும் வாய்க்கும் எட்டாது. 1942-ல் ஒரு நாள் ரயிலேறி எல்லை தாண்டி பெல்பாஸ்ட் போய் பிரிட்டிஷ் ராணுவத்தில் பெயர் கொடுத்துவிட்டார். அதாவது, ஓடிப்போனவர். அவர் மாதிரி கிட்டத்தட்ட ஐயாயிரம் பேர். போர் முடிந்த 1945 ஆகஸ்டில் டப்ளின் அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. ஓடிப்போனவர்கள் பெயர்ப் பட்டியல் தயாரித்தார்கள். ஏழு வருஷத்துக்கு அரசாங்கப் பணத்தில் நடக்கும் எந்த வேலையும் கிடையாது. பழைய சர்வீஸுக்கான பென்ஷனும் போச்சு. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அதற்கு 'பட்டினி உத்தரவு' என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

"ரோடு போடற வேலைகூட இல்லை. தனியார்ல கேட்டாலும் விஷயம் தெரிஞ்சவன் கொடுக்க மாட்டான். கடைசியில இங்கிலாந்துக்கே போய்க் கட்டட வேலை செஞ்சார். கிறிஸ்துமஸுக்கு வருவார். எனக்கு அப்பான்னா வருஷத்துல பத்து நாள்."

அந்தப் பத்து நாளிலும் தொப்பியைப் பற்றி வீட்டில் பேச்சு கிடையாது. பக்கத்து வீட்டுத் தாத்தா 1916 கலகத்தில் பிரிட்டிஷ்காரனை எதிர்த்துத் துப்பாக்கி பிடித்தவர். தெருவில் அவருக்கு இருந்த மரியாதை வேறு. இந்த வீட்டுக்காரன் அதே பிரிட்டிஷ் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தவன். யாழும் கிரீடமும் சேர்ந்திருக்கிற முத்திரை எந்தத் தெருவில் எடுபடும்?

1955 வாக்கில், இவருக்கு எட்டு வயது. அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டின்னைக் கண்டுபிடித்துவிட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, குஞ்சம் ஆட, தெருவில் மார்ச் பண்ணியிருக்கிறார். பத்து வீடு தாண்டவில்லை. அம்மா ஓடி வந்து காதைப் பிடித்து இழுத்துப் போய்க் கதவைச் சாத்தி ஒரு அறை.

"என்னை அவங்க அடிச்சது அந்த ஒரு தடவைதான். அடிச்சுட்டு உக்காந்து அழுதாங்க. அழுதுக்கிட்டே பிரஷ் எடுத்துத் தொப்பியில இருந்த தூசியைத் தட்டினாங்க. நான் கேட்டேன், இவ்வளவு அசிங்கம்னா அடுப்புல போட வேண்டியதுதானேன்னு. 'போப்பாண்டவர் ஆசீர்வாதம் பண்ணினதுடா, எப்படி எரிக்கிறது'ன்னாங்க."

எரிக்கவும் முடியாது, போடவும் முடியாது. எழுபது வருஷமாக டின்னில் இருக்கிறது.

நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. எனக்கு வேறு ஒரு தொப்பி ஞாபகம் வந்துவிட்டது.

என் அம்மாவின் அப்பா பட்டாளத்துக்காரர். செய்யாறு பக்கம் ஒரு கிராமம். மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, பாலம் கட்டுவதும் கண்ணி வெடி எடுப்பதுமாக அதே இத்தாலியில்தான் இருந்தார். அதே 1944. 'கசினோ' என்ற வார்த்தையைச் சூதாட்ட விடுதி என்று நான் தெரிந்துகொண்டதே காலேஜில்தான். அதற்கு முன் எனக்கு அது தாத்தா சொல்லும் ஒரு மலை. அவர் வாயில் அடிக்கடி வரும் இன்னொரு பெயர் சுபேதார் சுப்ரமணியன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கீழ்ஓட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24-ம் தேதி மின்யானோ என்ற இடத்தில், வெடிக்கப் போகிற கண்ணியின் மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தவர். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். "நம்ம தாலுக்கா மாதிரிதான்டா" என்பார் தாத்தா, ஏதோ ஒன்றுவிட்ட அண்ணனைப் பற்றிச் சொல்வது போல.

தாத்தாவிடமும் ஒரு தொப்பி இருந்தது. காக்கிக் கம்பளி, பித்தளை முத்திரை. டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருப்பார்.

1972. சுதந்திர வெள்ளி விழா. ஊர் ஊராகக் கொண்டாட்டம். தியாகிகளுக்குத் தாமிரப் பத்திரமும் பென்ஷனும் அறிவித்த வருஷம். எங்கள் தெருவிலேயே ஐ.என்.ஏ.வில் இருந்த ஒருவருக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள். அவரும் முதலில் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேர்ந்தவர்தான். சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் சிக்கினார், நேதாஜி பக்கம் போனார். தாத்தாவை அனுப்பியது இத்தாலிக்கு. அனுப்பிய கப்பல் வேறாக இருந்திருந்தால் மாலையும் இடம் மாறியிருக்கும். பென்ஷன் வரும் அளவுக்குத் தாத்தாவுக்கு சர்வீஸும் இல்லை. இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அந்த ஊர்வலத்தில் அவரும் நடந்தார்.

பள்ளிக்கூடத்தில் நாடகம். வாஞ்சிநாதன், கலெக்டர் ஆஷைச் சுடும் காட்சி. நான் சிவப்பு என்பதால் ஆஷ். வெள்ளைக்காரனுக்குத் தொப்பி வேண்டுமே. தாத்தாவிடம் போய் நின்றேன். எதுக்குடா என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பெட்டியைத் திறந்து எடுத்து, முத்திரையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, என் தலையில் வைத்தார். பெரிதாக இருந்தது. உள்ளே நியூஸ்பேப்பரை மடித்து வைத்துச் சரிசெய்தார். எந்தப் பக்கம் சாய்த்தார் என்பது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவர் விரல் நெற்றியில் பட்டது ஞாபகம் இருக்கிறது.

மேடையில் வாஞ்சிநாதன் சுட்டான். நான் விழுந்தேன். தொப்பி உருண்டது. ஒத்திகையில் இல்லாத ஒன்று அப்போது நடந்தது. கூட்டமாக வந்த பையன்கள் 'வந்தே மாதரம்' என்று கத்திக்கொண்டு தொப்பியை மிதித்தார்கள். கைதட்டல் கிளம்பியது. கைதட்டல் வந்ததும் இன்னும் மிதித்தார்கள். செத்துப் போன ஆஷாகிய நானும் எழுந்து, அந்த உற்சாகத்தில், ஒரு மிதி மிதித்தேன். பயங்கரச் சிரிப்பு, பயங்கரக் கைதட்டல். மூன்றாவது வரிசையில் தாத்தா உட்கார்ந்திருந்தார்.

நாடகம் முடிந்ததும் அவரே மேடைக்கு வந்து தொப்பியை எடுத்தார். துண்டால் தட்டினார். "நல்லா நடிச்சடா" என்றார். அவ்வளவுதான். அந்தத் தொப்பியை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. அவர் செத்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதும் இல்லை.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். என் இங்கிலீஷில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. ஆஷ் என்றதும் நிமிர்ந்தார். "ஆஷ்? அது இந்தப் பக்கத்துப் பெயராச்சே!" உண்மைதான். மணியாச்சியில் 1911-ல் சுடப்பட்ட ஆஷ் ஐரிஷ்காரர். டப்ளின் டிரினிட்டி காலேஜில் படித்தவர். என் மகள் ஆபீஸ் போகிற பஸ் அந்தக் காலேஜ் வாசலில்தான் நிற்கிறது. பன்னிரண்டு வயதில் நான் போட்டது ஐரிஷ்காரன் வேஷம் என்பது எனக்கு அறுபது தாண்டித் தெரிகிறது.

இப்படித் தேடிக்கொண்டு போனால் நம்மூர் நூல் நிறைய மாட்டுகிறது. டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்று ஒரு பெரிய ஐரிஷ் ரெஜிமென்ட். அதன் பூர்வீகம் கம்பெனிக் காலத்து மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ். 1857-ல் அதை வடக்கே நடத்திப் போனவர் நீல். போன வழியெல்லாம் ஜனங்களைத் தூக்கில் போட்ட மகாராஜன். அவர் ஆட்கள் தொப்பிக்கு மேல் நீலத் துணி உறை போட்டிருந்ததால் 'நீலின் நீலத் தொப்பிகள்' என்று பெயர். மவுண்ட் ரோட்டில் அவருக்கிருந்த சிலையை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்து, 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்துதான் எடுத்தார்கள். அந்த நீலத் தொப்பிப் பட்டாலியன் 1914-ல் நம் ஜார்ஜ் கோட்டையில்தான் இருந்தது. அங்கிருந்து கிளம்பி, 1915 ஏப்ரல் 25-ல் கலிப்பொலிக் கடற்கரையில் இறங்கும்போதே பாதிக்கு மேல் சரிந்தது. மிச்ச ரெஜிமென்ட்டை 1922-ல் கலைத்துவிட்டார்கள். பிழைத்தவர்கள் ஊருக்கு வந்தபோது ஊர் வேறாகியிருந்தது. டப்ளினில் லியஃபி நதிக்கரையில் அவர்களுக்கொரு நினைவுத் தோட்டம். வடிவமைத்தவர் நம் இந்தியா கேட்டைக் கட்டிய லட்யன்ஸ். வருஷக்கணக்கில் கவனிப்பாரில்லாமல் பாழடைந்து கிடந்து, 1988-ல்தான் சரிசெய்து திறந்தார்கள். 2011-ல் எலிசபெத் ராணி வந்து, அயர்லாந்து ஜனாதிபதி பக்கத்தில் நிற்க, மலர்வளையம் வைத்தார்.

ஓடிப்போன ஐயாயிரம் பேருக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆனது. 2012-ல் அரசாங்கம் பார்லிமென்ட்டில் மன்னிப்புக் கேட்டது. 2013-ல் சட்டமே போட்டு எல்லாருக்கும் பொது மன்னிப்புக் கொடுத்தார்கள். யார் யாரை மன்னிக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கிறது. அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரியவரின் அப்பா 1981-லேயே.

"பேப்பர்ல படிச்சேன். டின்னை எடுத்துக்கிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். போட்டுக்கணும்னுதான் போனேன். ஆளுங்க நடமாட்டம் இருந்துச்சு. மழை வேற. கோட்டுக்குள்ளயே வெச்சிருந்து கொண்டாந்துட்டேன்."

"அவர் போனது சரிதான்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

யோசித்தார். "சண்டை நடந்த வரைக்கும் எங்கம்மாவுக்கு மாசாமாசம் பணம் ஒழுங்கா வந்தது" என்றார். பிறகு, பீங்கான் தட்டுகளைக் காட்டி, "உன் பொண்ணுக்கு வேணுமான்னு கேளு" என்றார்.

தட்டுகள் இப்போது மகள் வீட்டில் இருக்கின்றன. மைக்ரோவேவில் வைக்கக் கூடாதாம்.

அவர் கிளம்பிய நாள் அதிசயமாக மழை இல்லை. முதியோர் இல்லத்து வேன் வாசலில் நின்றது. இரண்டு பெட்டிகளை டிரைவர் ஏற்றினார். டின்னை மட்டும் நான் கையில் வைத்திருந்தேன். வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். மூடியைத் திறந்து தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஒரு பெண் நாயை நடத்திக்கொண்டு போனாள். இரண்டு பையன்கள் சைக்கிளில் போனார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கை நடுக்கத்தில் அவசரமாகப் போட்டதால் தொப்பி வலது பக்கம் சாய்ந்திருந்தது. நான் கிட்டே போய் முத்திரையை அவர் வலது கண்ணுக்கு மேல் திருப்பி, துணியை இடது பக்கம் இழுத்துவிட்டேன். வேன் கதவு மூடும்வரை அசையாமல் நின்றார், யூனிஃபார்ம் பார்க்க வந்த அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி.